பிரேக் போட்டால் இடதுபக்கம் இழுத்தது, கோளாறு இருந்தது வலதுபக்கம்

பிரேக் மிதிக்கும்போது மட்டும் என் கார் இடதுபக்கம் போனது. காலை எடுத்தால் நேராகப் போகும். இந்த "மட்டும்" ரொம்ப முக்கியம், ஆனால் யாரிடம் சொன்னாலும் அதைக் காதில் வாங்காமல் "அலைன்மென்ட் பாருங்க" என்றுதான், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கத்தான், சொன்னார்கள். சரி என்று அதையும் செய்தேன், அளவுகளில் பெரிதாக ஒன்றும் தப்பில்லை, சின்னதாகச் சரிசெய்து கொடுத்தார்கள், இழுப்பு அப்படியே இருந்தது. அலைன்மென்ட் கோளாறு என்றால் பெரும்பாலும் பிரேக் போடாமலே வண்டி ஒரு பக்கம் ஒதுங்கும்.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் டயர். இரண்டு முன் டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா, ஒரே மாதிரி டயர்தானா, தேய்மானம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். அப்புறம் சாலை: தண்ணீர் வடிவதற்காக ஓரம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், அந்தச் சரிவிலேயே வண்டி கொஞ்சம் ஒதுங்கும் என்பதால், ஆளில்லாத சமதளமான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு சோதித்தேன். மெதுவாக மிதித்தால் சீராக இடதுபக்கம் சாய்ந்தது. அழுத்தி மிதித்தால் முதலில் சட்டென்று ஒரு வெட்டு, பிறகு அதே இழுப்பு. அந்த வெட்டைத் தனியாகக் குறித்து வைத்தது கடைசியில் உதவியது.

இடதுபக்கம் இழுக்கிறது என்றால் இடது பிரேக்கைத்தான் பிரிக்கத் தோன்றும். ஆனால் பிரேக் நன்றாகப் பிடிக்கிற பக்கம்தான் வண்டியை இழுக்கும், அதனால் பெரும்பாலும் கோளாறு எதிர்ப்பக்கத்தில் பலவீனமாக இருக்கும் பிரேக்கில்தான். இதற்கு விதிவிலக்கும் உண்டு: ஒரு பக்கம் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கமே இழுக்கும், ஆனால் அப்போது பிரேக் போடாதபோதும் லேசாக இழுக்கும், அந்தச் சக்கரம் கொதிக்கும். எது என்று தெரிந்துகொள்ள, அங்கங்கே மிதமாக பிரேக் போட்டு ஓட்டிவிட்டு, தொடாமலே சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இரண்டு முன் சக்கரங்களின் டிஸ்கிலும் (பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டு) ஒரே இடத்தில் காட்டினேன். இடதில் 120 டிகிரிக்குப் பக்கம், வலதில் 70 தான். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும், ஆனால் இங்கே தேவைப்பட்டது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. வலது பிரேக் சரியாக வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிட்டது.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட்களில் உள்பக்க பேட் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்க பேட் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் காலிப்பரின் (பேட்களை அழுத்தும் கவ்வி) உள்பக்கத்தில் மட்டும்தான் பிஸ்டன். அது உள் பேட்டை அழுத்தும்போது காலிப்பர் முழுதும் ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வந்து வெளி பேட்டையும் அழுத்த வேண்டும். என் வண்டியில் கீழ் ஸ்லைடு பின்னின் ரப்பர் பூட் (உறை) கிழிந்து, தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கையால் அசைக்கவே முடியவில்லை.

இதைப் பார்த்ததும் அங்கேயே நிறுத்தவில்லை. பிஸ்டனை கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளினேன், சிக்கலில்லாமல் போனது (பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும்). பெடல் கெட்டியாகவே இருந்ததால் லைனில் காற்று இருக்கும் என்று நினைக்கவில்லை. பேட்டில் எண்ணெயோ கிரீஸோ படவில்லை. ஒருவேளை உங்கள் வண்டியில் சக்கரம் இறுகிச் சுற்றாமல் இருந்தால், காலிப்பரின் பிளீடர் ஸ்க்ரூவை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) கொஞ்சம் திறந்து பாருங்கள்: உடனே சக்கரம் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் சிதைந்திருக்கும். விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கும். திறந்தால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல் (ஏர் பிளீட்) வண்டியை எடுக்கக் கூடாது.

ஸ்லைடு பின், பூட் எல்லாம் புதிதாக மாற்றி, அந்தப் பின் போகும் துளையைத் துருப் போகச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பி மறுபடி இறுகிவிடும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்தேன். பேட் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன், இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ஒரு பக்கம் அதிகம் பிடித்து அதே இழுப்பு திரும்ப வரும். இடது காலிப்பரின் பின்களையும் கழற்றி கிரீஸ் போட்டேன். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட வேண்டும், முதல் மிதியில் பெடல் அப்படியே தரைவரை போகும்.

மெதுவாக மிதித்தால் இப்போது நேராக நின்றது. ஆனால் அழுத்தி மிதித்தால் அந்த வெட்டு மட்டும் போகவில்லை. பேட் இன்னும் டிஸ்கில் படியவில்லையோ என்று, மிதமான வேகத்திலிருந்து முழுதாக நிற்காமல் குறைத்துக் குறைத்து ஓட்டியும் பார்த்தேன். மாற்றமில்லை. வண்டியைத் தூக்கி லோயர் ஆர்ம்களை (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கைகள்) நெம்பிப் பார்த்ததில், வலதுபக்கம் பின்னால் ஆர்மைத் தாங்கும் புஷ்ஷின் ரப்பர் விரிசல் விட்டு, ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. பலமாக பிரேக் போட்டால் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும், புஷ் தாங்காவிட்டால் அந்தச் சக்கரத்தின் கோணமே ஒரு நொடியில் மாறிவிடும். வெட்டு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

புஷ் மாற்றுவதற்கு பிரஸ் வேண்டும், அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்தேன். அதன் பிறகு அலைன்மென்ட், இந்த முறை நிஜமாகவே தேவைப்பட்டது. இப்போது அழுத்தி மிதித்தாலும் ஸ்டியரிங் அசையவில்லை, இரண்டு டிஸ்கின் சூடும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கிறது. டயர் கழற்றும்போதெல்லாம் காலிப்பரைக் கையால் அசைத்து, பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.