ஒரே வாடகை வீட்டுக்கு இரண்டு தடவை நோட்டீஸ் கொடுத்த கதை

சென்னை ஆதம்பாக்கத்தில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தோம். மாடியில் நாங்கள், கீழே ஓனர் அம்மா. 2015-ல் குடிவந்தபோது வாடகை 12,000, அட்வான்ஸ் பத்து மாதத்துக்கு 1,20,000. 2024-ல் வாடகை 17,500 ஆகியிருந்தது. அட்வான்ஸை அவர் ஏற்றவே இல்லை.

அந்த ஏப்ரலில் மேடவாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் அமைந்தது. விலை 48 லட்சம். ஒரு லட்சம் டோக்கன் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து கிரைய ஒப்பந்தம் போட்டோம். அன்று சாயங்காலமே ஸ்வீட் பாக்ஸோடு கீழே போய், "ஜூன் கடைசியில காலி பண்ணிடுவோம்மா" என்று சொல்லிவிட்டேன். அவரிடம் முதலில் சொல்லவேண்டும் என்ற சந்தோஷத்தில் சொன்னது. ஆனால் அதுவும் ஒரு நோட்டீஸ்தான். அந்த வார்த்தையை நம்பி அவரும் காரியத்தில் இறங்கிவிடுவார் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டே வாரத்தில் தெரிந்த குடும்பம் ஒன்றிடம் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு, ஜூலை முதல் தேதிக்கு வீடு தருவதாகச் சொல்லிவிட்டார்.

மே மாதம் வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்தார். ஃபிளாட் விற்பவரின் அப்பா பெயரில் இருந்தது. அப்பா காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழில் மகனோடு ஒரு மகளின் பெயரும் இருந்தது. அந்த அக்கா மஸ்கட்டில். அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்தால்தான் கடன் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். வில்லங்கச் சான்றிதழை நாங்களே ஆன்லைனில் எடுத்துப் பார்த்திருந்தோம், அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் வாரிசு விவகாரம் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. அந்த அக்கா அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, தனக்குப் பதில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் அனுப்பி, அது இங்கே வந்து முத்திரையாகி, விடுதலைப் பத்திரம் பதிவாக ஜூன் முழுக்க ஓடிவிட்டது.

ஜூன் பத்தாம் தேதி வாக்கில் எங்கள் நிலைமை என்னவென்றால், புது வீடு எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. இருக்கிற வீட்டுக்கு இருபது நாளில் வேறு குடும்பம் வருகிறது. மகளுக்குப் பள்ளி திறந்தாகிவிட்டது. இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் மனைவிதான், "மறைக்காம போய்ச் சொல்லுங்க, அவங்களும் மனுஷங்கதானே" என்றாள்.

போய்ச் சொன்னேன். ஓனர் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா, அவங்க பையனை இங்க ஸ்கூல்ல சேர்த்துட்டாங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குடும்பத்திடம் நானே பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களை வெளியே போ என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அதனால் வீடு வாங்கப்போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது. டோக்கன் கொடுத்த அன்று நோட்டீஸ் கொடுக்காதீர்கள். கடன் சாங்ஷன் கடிதம் வந்த அன்றும் வேண்டாம், ஏனென்றால் பல வங்கிகள் உங்கள் சம்பளத்தைப் பார்த்து முதலில் சாங்ஷன் கொடுத்துவிட்டு, பத்திரத்தை அப்புறம்தான் பார்க்கிறார்கள். வக்கீலின் லீகல் ஒப்பீனியன் சுத்தமாக வந்து, பதிவுக்கு நாள் குறித்த பிறகு கொடுங்கள். ஒரு மாத வாடகை கூடப் போனால் போகட்டும்.

இரண்டாவது நோட்டீஸை எழுத்தில் கொடுத்தேன். கடைசியாகப் போட்ட பதினோரு மாத அக்ரிமென்ட் 2022-லேயே முடிந்திருந்தது. இருந்தாலும் அதில் இருந்த இரண்டு மாத நோட்டீஸ் என்பதையே இரண்டு பேரும் மதித்தோம். ஜூலை 5 தேதியிட்டு ஒரு வெள்ளைத்தாளில், "செப்டம்பர் 5 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம், அட்வான்ஸ் தொகை 1,20,000-ல் பிடித்தம் போக மீதியை அன்று தரும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதி, இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்கினேன். பழகினவரிடம் காகிதம் நீட்டுவது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "இதுதாம்ப்பா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

செப்டம்பர் 5 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பதிவும் பெரும்பாலும் தள்ளிப் போடுவார்கள். ஆடி நடுவில் நாங்கள் காலி செய்தால் அவருக்கும் வீடு சும்மா கிடக்கும். ஆகஸ்ட் 17 ஆவணி பிறப்பு. செப்டம்பர் 17 புரட்டாசி வந்துவிட்டால் மறுபடி கிரகப்பிரவேசம் கிடையாது. ஆக எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மாதம். விற்பவரிடமும் சொல்லி, ஒப்பந்தக் கெடுவை ஆகஸ்ட் கடைசி வரை நீட்டி எழுதி வாங்கிக்கொண்டோம்.

பணக் கணக்கிலும் ஒரு இடத்தில் இடித்தது. 48 லட்சத்துக்கு வங்கி 80 சதவீதம்தான் கொடுக்கும், அதாவது 38.4 லட்சம். மீதி 9.6 லட்சம் நம் கை. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், 4,32,000. இது கடனில் சேராது. வாடகை வீட்டு அட்வான்ஸையும் சேர்த்துத்தான் நான் முதலில் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் சாவி கொடுத்த பிறகுதானே அட்வான்ஸ் வரும், பதிவு அதற்கு முன்னால் அல்லவா? கடைசியில் மனைவியின் செயினை அடகு வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினோம்.

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. நடைமுறையில் பல ஓனர்கள் அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் தருகிறார்கள். எங்கள் ஓனர் அம்மாவும் அப்படித்தான், அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆவணி முதல் வாரத்தில் பதிவு முடிந்தது. செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை சாமான்களை மாற்றினோம். 5-ம் தேதி காலை வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவர் முழங்கால் வலியோடு படியேறி வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மகள் பிறந்தபோது தூளி கட்ட அவரிடம் கேட்டு அடித்த கொக்கி மேலே இருந்தது. கழற்றிவிட்டு சிமென்ட் பூசித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும், வர்றவங்களுக்கும் கைக்குழந்தை இருக்கு" என்றார்.

பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை 17,500 அக்ரிமென்டில் இருந்தபடி பிடித்துக்கொண்டார். மின்சார மீட்டரை இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்து, பில் வராத நாட்களுக்கு 900 என்று பேசிக் கழித்தோம். மீதி 1,01,600. அங்கேயே நின்று மகனுக்கு போன் போட்டு என் கணக்கில் அனுப்பச் சொன்னார். பணம் வந்ததற்கு மெசேஜ் வந்ததும் மூன்று சாவிகளையும் மகளிடம் கொடுத்து அவர் கையில் கொடுக்கச் சொன்னேன். மறுநாளே நகையை மீட்டுவிட்டோம்.