ராசாவுக்குப் பேர் இல்லை

எங்கள் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு கிடந்தது. அதன் பின்சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், பெஞ்சின் நீளத்துக்கும் எண்ணெய்க் கறை. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஆடி வருவதற்குள் கறை திரும்பிவிடும். அத்தனை அம்மாக்களும் மாமியார்களும் அந்தச் சுவரில் சாய்ந்து விடிய விடியக் காத்திருந்திருக்கிறார்கள். நான் கதவைத் திறந்தால் எல்லாரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள். "என்ன கொழந்தைங் சிஸ்டரு?" இதுதான் முதல் கேள்வி. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது அப்புறம் வரும். சில நாள் வராமலே போகும்.

1988 முதல் 2019 வரை, 31 வருஷம், செவிலியாக வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில். மீதி முழுக்க ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். தேங்காய்க் களத்தில் கொப்பரை உடைக்கிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், தோட்டத்துச் சாளையிலிருந்து காரில் வருகிறவர்கள் என்று எல்லா வீட்டுப் பெண்களும் எங்களிடம்தான் வந்தார்கள்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: தீமையை எதிர்த்து நின்ற வேதாகமப் பெண்கள். தெபொராளையும் எஸ்தரையும் பற்றிச் சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். ஆனால் யாத்திராகமம் முதல் அதிகாரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அங்கே இருந்த இரண்டு பேர் என் தொழில்காரிகள்.

சிப்பிராள், பூவாள். இரண்டு மருத்துவச்சிகள். எபிரெயர் பெருகிவிட்டார்கள் என்று பயந்த எகிப்தின் ராஜாவான பார்வோன் இவர்களைக் கூப்பிட்டு, பிரசவம் பார்க்கும்போது ஆண்பிள்ளையானால் கொன்றுபோடுங்கள், பெண்பிள்ளையானால் இருக்கட்டும் என்கிறான். இதை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பிரசவ அறையில் பத்து வருஷம் நின்ற பிறகுதான் அந்தக் கட்டளையின் தந்திரம் புரிந்தது. அவன் முதலில் வாளை அனுப்பவில்லை. மருத்துவச்சியின் கையைக் கேட்டான்.

பிள்ளை வெளியே வந்ததற்கும் முதல் அழுகைக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. பெரும்பாலும் சில நொடிதான். அழாத பிள்ளையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்போம், முதுகைத் தேய்ப்போம், வாயிலும் மூக்கிலும் இருக்கும் சளியை எடுப்போம், உள்ளங்காலைச் சுண்டுவோம். நீலமாக இருந்த உடம்பு நெஞ்சிலிருந்து சிவக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கொல்ல நினைப்பவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கை சும்மா இருந்தாலே போதும். தாய் வலியில் கண்ணை மூடிக் கிடப்பாள். யாருக்கும் தெரியாது. செத்துப் பிறந்தது என்று எழுதிவிடலாம். பார்வோன் கேட்டது அந்தச் சும்மா இருத்தலைத்தான். அவர்கள் "தேவனுக்குப் பயந்ததினால்" அதைச் செய்யவில்லை என்று வேதம் சொல்கிறது. ராஜாவுக்குப் பயப்படாததற்குக் காரணமாகச் சொல்லியிருப்பது இந்த ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இந்தக் கட்டளை தலைகீழாக இருந்தது. ஆணானால் இருக்கட்டும், பெண்ணானால் வேண்டாம். சேலத்தில் 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அதே பார்வோனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற மோசேயின் தாய் நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசி ஆற்றோரம் வைத்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பிறகு ஸ்கேன் பரவியது. தொட்டில் வரைக்கும்கூடப் போக வேண்டியிராமல் வயிற்றிலேயே முடிந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது, சுவரில் போர்டு வந்தது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 2001 கணக்கெடுப்பில் 942 பெண் குழந்தைகள். 2011இல் 943. பத்து வருஷத்தில் ஒரே ஒரு எண் ஏறியிருந்தது.

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைப்பது தவறு. தோட்டம் துண்டாகக் கூடாது, நகை போட்டுக் கட்டிக்கொடுக்க முடியாது, "ஒண்ணே ஒண்ணு போதும், அது பையனா இருக்கோணும்" என்று சொன்ன வீடுகளில் பட்டதாரிகள் நிறைய.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும். அந்த நர்சிங் ஹோமில் இருந்தபோது, ஐந்தாம் மாதத்தில் ரத்தப்போக்கோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வேறெங்கோ தொடங்கி வைத்துவிட்டு இங்கே முடிக்கக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. தானாகக் கலைந்தது என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார் மூத்தவர் ஒருவர். எழுதினேன். எனக்கு அப்போது 23 வயது, வீட்டுக்குச் சம்பளம் வேண்டும். தட்டில் இருந்தது பெண் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பேனாவைப் பார்த்தேன். இத்தனை வருஷ ஜெபத்தில் நான் அதிகம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு வரிக்காகத்தான்.

என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, லண்டன் மிஷன் காலத்து பைபிள் உமன். குடையும் துணிப்பையுமாகக் கிராமம் கிராமமாக நடந்து, வெளியே வர முடியாத பெண்களுக்கு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வேதம் வாசித்தவர், கூடவே எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர். ஏவாளைப் பற்றி யாராவது குறையாகப் பேசினால் விடமாட்டார். "ஏவாளை ஏமாத்துனது பாம்பு. அந்தப் பாம்பு தலையை நசுக்கறது ஆரு வித்து? அவ வித்துத்தான். அதையும் சேத்து வாசி" என்பார். உனக்கும் ஸ்திரீக்கும் பகை உண்டாக்குவேன் என்று ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் பாம்பிடம் சொல்கிறார். சாத்தானுக்கு எதிராளியாக முதலில் நிறுத்தப்பட்டவள் ஒரு பெண்.

அப்படியே கடைசிப் புத்தகத்துக்கு வாருங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 12. பிரசவ வேதனைப்படும் பெண் ஒருத்தி. பிள்ளை பிறந்தவுடனே அதை விழுங்கிவிட அவளுக்கு முன்பாக வலுசர்ப்பம், அதே பழைய பாம்பு, நிற்கிறது. ஏழு தலை, பத்துக் கொம்பு என்பதையே நான் சின்ன வயதில் பெரிதாக நினைத்தேன். அது எங்கே நிற்கிறது என்று யோசிக்கவில்லை. அது போர்க்களத்தில் நிற்கவில்லை, அரண்மனையிலும் நிற்கவில்லை. பிரசவம் நடக்கிற இடத்தில் நிற்கிறது. 31 வருஷம் நான் வேலை பார்த்த இடம் அது.

அந்த பெஞ்சில் உட்கார்ந்த கிழவிகளை வலுசர்ப்பம் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் வலி எடுத்துப் பெற்றவர்கள். ஆனால் வேதம் இந்த விஷயத்தில் பூசி மெழுகவில்லை. தன் சொந்தப் பேரப்பிள்ளைகளையே கொன்று சிங்காசனம் ஏறிய அத்தாலியாளையும் அது எழுதி வைத்திருக்கிறது. அவளிடமிருந்து யோவாஸ் என்ற ஒரே ஒரு குழந்தை தப்புகிறது. அத்தை யோசேபாள் அவனைத் திருட்டுத்தனமாக எடுத்து, அவனையும் அவன் தாதியையும் படுக்கையறையில் ஒளித்துவைக்கிறாள். பிறகு ஆறு வருஷம் ஆலயத்திலேயே மறைத்து வளர்க்கிறார்கள். ஒரு அழுகைச் சத்தம் வெளியே கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்தத் தாதிக்குப் பேர்கூட இல்லை.

எங்களிடமும் அப்படி ஒருத்தி இருந்தார், வார்டு ஆயா. 1996 மார்கழியில் ஒரு ராத்திரி. மூன்றாவதும் பெண். 2 கிலோ 700. வெளியே வந்து சொன்னேன். பெஞ்சில் இருந்த மாமியார் எழுந்திருக்கவில்லை. "பால் குடுக்க வேண்டாமுன்னு அவகிட்டச் சொல்லிப்போடுங் சிஸ்டரு. விடிஞ்சதும் நாங்க கூட்டிட்டுப் போயிக்கறோம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே வந்து குழந்தையின் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 44. பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை சரியான மூச்சு. திரும்பவும் வெளியே போனேன். "மூச்சு 44 இருக்குதுங்க அம்மா. தனியா வெச்சுப் பாக்கோணும். இப்பக் கொண்டுபோக முடியாது" என்றேன். பெரியவர்களுக்கு 44 என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே சொன்னேன். எபிரெயப் பெண்கள் பலமுள்ளவர்கள், நாங்கள் போவதற்கு முன்னே பெற்றுவிடுகிறார்கள் என்று பார்வோனிடம் மருத்துவச்சிகள் சொன்ன பதிலை அந்த ராத்திரி நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். காலையில் டாக்டரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னபோது, "எத்தனை நாள் வேணுமோ வெச்சுக்கோங்க சிஸ்டர்" என்றார்.

நாலு நாள் வைத்திருந்தோம். ஆயா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு குழந்தை அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர், எங்கள் ஜெபத்துக்கு வரமாட்டார். மாமியார் இரண்டு தரம் எட்டிப் பார்க்க வந்தபோது, "உள்ள போனா சீக்கு ஒட்டிக்குமுங், அக்கட்ட இருங்" என்று அங்கேயே நிறுத்தினார். அந்தக் குரலை நான் தாண்டிப் போயிருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் ராத்திரி தாய்க்குப் பால் கட்டிக்கொண்டது. ஜாக்கெட் நனைந்து, சேலைத் தலைப்பு நனைந்து, சொல்லவும் முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு மணிக்கு ஆயா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து குழந்தையை மடியில் வைத்தார். அவள் தொடாமல் இருந்தாள். தொட்டால் விட முடியாது என்று பயந்திருப்பாள். குழந்தை வாயைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. ஆயா பேசாமல் அதன் தலையை ஒரு விரல் அளவு நகர்த்திவிட்டார். அவ்வளவுதான். அந்தப் பெண் குனிந்து அழத் தொடங்கினாள், குழந்தை குடித்துக்கொண்டே இருந்தது.

பல்லடம் பக்கத்திலிருந்த அவளுடைய அம்மாவுக்கு, அவர்கள் ஊர் மளிகைக் கடை போனில் சொல்லி அனுப்பினோம். ஐந்தாம் நாள் அவர் வந்து மகளையும் பேத்தியையும் தன்னோடு கூட்டிப் போனார். பெஞ்சில் பெரிய சத்தம் நடந்தது. அப்புறம் அந்தக் குழந்தையை நான் பார்க்கவில்லை.

பெண்களின் ஆவிக்குரிய போராட்டம் என்றால் உபவாசமும் முழங்கால் ஜெபமும் மட்டும் என்று நம் கூட்டங்களில் பேசிப் பழகிவிட்டோம். ஜெபத்தை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். கையுறை மாட்டுகிற நேரத்தில் ஒரு வரி ஜெபம் செய்யாமல் எந்தப் பிரசவத்திலும் நான் கை வைத்ததில்லை. ஆனால் வேதத்துப் பெண்களின் கையில் எப்போதும் ஏதாவது இருக்கிறது. எதிரிப் படைத்தலைவனைக் கொன்ற யாகேலிடம் கூடார முளை. கோபுரத்தைக் கொளுத்த வந்த அபிமெலேக்கின் மண்டையில் கல்லைப் போட்ட தேபேசு ஊர்க்காரியிடம் மாவரைக்கிற கல். இயேசுவிடமே வாதாடிய சீரோபேனிக்கியப் பெண்ணிடம் ஒன்றுமில்லை, வாய் மட்டும்தான். அவள் அசுத்த ஆவியிலிருந்து மீட்கக் கேட்டது மகனையல்ல, மகளை. இதை அந்தக் கூட்டத்தில் நான் இரண்டு தரம் சொன்னேன். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த மார்கழிக்கு அப்புறம் ஒரு மதியம், காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆயாவுக்கு இந்த மருத்துவச்சிகள் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "ஏங் கண்ணு, அந்த ராசா பொட்டப்புள்ளையை விட்டுட்டானா?" என்றார்.

"ஆமாங் ஆயா. பையனைத்தான் கொல்லச் சொன்னான்."

"அப்ப நம்மூரு ராசா வேற ஆளாட்ட இருக்குது" என்றுவிட்டுக் கொஞ்ச நேரம் மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அந்த ரெண்டு பேரு பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். சிப்பிராள் அவர் வாயில் நுழையவில்லை. பூவாள் மட்டும் பிடித்துக்கொண்டது.

"ராசா பேரு?"

"போடலைங் ஆயா. பார்வோன்னு பதவியை மட்டும்தான் போட்டிருக்குது."

ஆயா மடிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மருத்துவச்சி பேரை எழுதி வெச்சிருக்கறாங்க, ராசா பேரை எழுதலியா?" என்றார். ஒருதரம் "பூவா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு, அடுத்த துணியை எடுத்தார்.