எண்டோசைட்டோசிஸ் கேள்வியா? முதலில் ட்ரையா, டையா என்று எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, மூச்சு விட முடிகிறது. அடுத்து செல் உயிரியல் தாள் எழுதப் போகிறவர்களுக்குச் சூட்டோடு சூடாக இது.

எண்டோசைட்டோசிஸ் என்பது செல் வெளியிலுள்ளதைச் சவ்வுப் பையில் உள்ளே இழுப்பது; அந்தப் பைகள்தான் எண்டோசோம்கள், அவற்றின் போக்குவரத்தை நடத்தும் சுவிட்சுகள் ராப் புரதங்கள். ராப் புரதங்களின் பட்டியலை உருப்போட்டுப் பயனில்லை. ராப்5 முன்நிலை எண்டோசோம், ராப்4 வேகமான மறுசுழற்சி, ராப்11 மெதுவான மறுசுழற்சி, ராப்7 பின்நிலை எண்டோசோமும் லைசோசோமும் (சிதைக்கும் பை). அவ்வளவு போதும். கேள்வி மியூட்டன்ட்டில்தான் (ஒரு அமினோ அமிலம் மாற்றப்பட்ட புரதம்) வரும்.

மியூட்டன்ட் பெயரைப் பார்த்ததும் ஓரத்தில் "ட்ரை" அல்லது "டை" என்று குறியுங்கள். ராப் குவானோசின் ட்ரைபாஸ்பேட்டோடு (GTP) இருந்தால் விழித்திருக்கும், டைபாஸ்பேட்டோடு (GDP) இருந்தால் உறங்கும். (ஜிடிபி என்று தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்; அவசரத்தில் அங்கேதான் குழம்பும்.) கியூ79எல் ராப்5 ட்ரைபாஸ்பேட்டை உடைக்காது, எப்போதும் விழித்திருக்கும், எண்டோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகும். எஸ்34என் ராப்5 டைபாஸ்பேட்டோடு உறங்கும், இணைவு நின்றுபோகும்.

சரி, செல்லில் இயல்பான ராப்5 இருக்கும்போது எஸ்34என் எப்படிக் கெடுக்கிறது? "அது வேலை செய்யாது" என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. நியூக்ளியோடைடை (டையை எடுத்து ட்ரையை) மாற்றிக்கொடுக்கும் ராபெக்ஸ்5 போன்ற புரதங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. இயல்பான ராப்5-ஐ எழுப்ப ஆளில்லை. இந்த ஒரு வரிக்காகவே கேள்வி கேட்கிறார்கள்.

பையின் கழுத்தை அறுக்கும் புரதம் டைனமின். அதன் கே44ஏ மியூட்டன்ட்டில், சவ்வின் மேல் உறையாகும் கிளாத்ரின் சேரும், குழியும் விழும். கழுத்து மட்டும் அறுபடாது. கிளாத்ரின் சேரவில்லை என்று எழுதாதீர்கள்.

வோர்ட்மானின் என்ற தடுப்பானைக் கொடுத்தால் விபிஎஸ்34 நொதி நின்று, அது உண்டாக்கும் பாஸ்பாடிடைல்இனோசிட்டால் 3-பாஸ்பேட் என்ற சவ்வுக் கொழுப்பு குறையும். எண்டோசோம்களை இணைக்க உதவும் ஈஈஏ1 புரதம் சவ்வில் ஒட்ட அந்தக் கொழுப்பும் வேண்டும், விழித்த ராப்5-உம் வேண்டும். அதனால் ராப்5 இருந்தும் ஈஈஏ1 சைட்டோசாலுக்கு (செல்லின் உள்திரவம்) போய்விடும்.

சோதனைக் கேள்விகளுக்கு:
- 4 டிகிரியில் லிகண்ட் (ரிசப்டரில் ஒட்டும் மூலக்கூறு) பிணையும், உள்ளே போகாது. 37-க்கு ஏற்றியதும் நேரம் எண்ணத் தொடங்குங்கள்.
- மறுசுழற்சியைப் பார்க்க ட்ரான்ஸ்ஃபெரின் (இரும்பைச் சுமக்கும் புரதம்), சிதைவைப் பார்க்க ஈஜிஎஃப் (ஒரு வளர்ச்சிக் காரணி).
- மேற்பரப்பில் மிஞ்சியதை நீக்க அமிலக் கழுவல்.

கடைசியதில் ஒரு பொறி உண்டு. அமிலத்தில் ட்ரான்ஸ்ஃபெரின் இரும்பைத்தான் விடும், ரிசப்டரை விடாது. எண்டோசோமுக்குள் நடப்பதும் இதேதான். இரும்பிழந்த ட்ரான்ஸ்ஃபெரின் கழன்று விழ 7.4 பிஹெச் வேண்டும். ஆகவே அமிலத்துக்குப் பிறகு நடுநிலைக் கரைசலில் ஒரு கழுவல் என்று சேர்த்து எழுதுங்கள்; இல்லையென்றால் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதெல்லாம் உள்ளே போனதாகக் கணக்கில் ஏறிவிடும்.