கடைசியாக எப்போது வந்தீர்கள்?

நூலக வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் என் ஆண்டறிக்கைகள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை பேர் புதிதாக உறுப்பினர் ஆனார்கள். நூலகப் புள்ளிவிவரங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 2789 என்றொரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. எதை, எப்படி எண்ணுவது என்று அதில் விலாவாரியாகச் சொல்லியிருப்பார்கள். நானும் ஒழுங்காக எண்ணினேன்.

ஒரு வருடம் நிதி ஒதுக்கும் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் என் தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். "சரி, இவ்வளவு புத்தகம் போயிருக்கு. அதனால என்ன ஆச்சு?" என்று கேட்டார். கேள்வியில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு படிக்கப் படிக்கத்தான், நூலக ஆய்வில் இது பழைய கேள்வி என்று தெரிந்தது. ரிச்சர்ட் ஆர் என்ற ஆய்வாளர் 1973லேயே இரண்டையும் பிரித்து வைத்தார். இந்த நூலகம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இந்த நூலகத்தால் எவ்வளவு நன்மை நடக்கிறது என்பது வேறு கேள்வி. என் பதிவேடுகள் முதல் கேள்வியின் அருகில் மட்டுமே போயிருந்தன. இரண்டாவதற்கான பதில் வாசகரிடம்தான் இருக்கிறது, அதுவும் அவர் நூலகத்தை விட்டு வெளியே போன பிறகு நடந்தவற்றில்.

சரி, கதைகளைச் சேர்ப்போம் என்று இறங்கினேன். தினமும் காலையில் வந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்து படிக்கும் பெண் ஒருவர் இருந்தார். பல வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடிக்கொண்டிருந்தார், அப்புறம் வேலையும் கிடைத்தது. அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, நூலகம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்ற தொனியில் ஒரு பக்கம் எழுதினேன். அறிக்கையில் அச்சும் ஆனது. பெருமையோடு அவரிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்: "நான் இப்படிச் சொல்லலையே மேடம். பாடம் எல்லாம் என் தங்கச்சிதான் சொல்லிக்கொடுத்தா. வீட்டுல உட்கார இடம் இல்லன்னுதான் இங்க வந்தேன். எதுக்கு வந்தேன்னு இங்க யாரும் கேட்கல. அது எனக்குப் பெரிய விஷயமா இருந்தது."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுதியது பொய் என்பதோடு, அவர் சொன்ன உண்மை என் பொய்யைவிடப் பல மடங்கு பெரியதாகவும் இருந்தது. எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்காத ஒரு நாற்காலி. அதன் அருமையை என் கற்பனையால் எட்டவே முடியவில்லை. போதாததற்கு, தங்கையின் உழைப்பையும் எங்கள் நூலகத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இணையத்தில் இருந்த பிரதியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தோம். அச்சான பிரதிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கதையை ஆய்வுச் சான்றாக எடுக்க முறை இருக்கிறது என்பதை அதன் பிறகுதான் கற்றேன். உளவியலாளர் ஜான் ஃபிளனகன் 1954ல் விளக்கிய 'முக்கிய நிகழ்வு' முறை எனக்கு முதலில் கைகொடுத்தது. போர்க்கால விமானிகளை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து உருவான முறை அது. பொதுவான அபிப்பிராயத்தைக் கேட்காமல், நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைக் கேட்பார்கள். டொனால்ட் கிங்கும் கேரல் டெனோபிரும் ஆராய்ச்சியாளர்களின் வாசிப்பை இப்படித்தான் ஆராய்ந்தார்கள்: கடைசியாகப் படித்த ஒரு கட்டுரையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். ஜோஆன் மார்ஷல் 1992ல் வெளியிட்ட மருத்துவமனை நூலக ஆய்வும் இதே வழிதான். மருத்துவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோயாளி தொடர்பாக நூலகத்தில் தகவல் கேட்க வேண்டும், அந்தத் தகவலால் என்ன மாறியது என்று பிறகு சொல்ல வேண்டும். பதில் சொன்னவர்களில் சுமார் 80 சதவீதம் பேர், சிகிச்சையில் ஏதோ ஒன்றை வேறு மாதிரிச் செய்ததாகச் சொன்னார்கள். அது வெறும் சதவீதம் இல்லை. அதற்குப் பின்னால் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு நோயாளியின் கதை இருக்கிறது.

நூலகம் பயனுள்ளதா என்று கேட்டால் கவுண்டரில் நிற்கும் யாருமே ஆமாம் என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காகவாவது. கடைசியாக எப்போது வந்தீர்கள், அன்று என்ன நடந்தது என்று கேட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. நானும் எனக்குப் பிடித்த கதையாகப் பார்த்துப் பொறுக்கியெடுக்க முடியாது. ஒன்றும் நடக்காத நாட்களும் வரும். புத்தகம் இல்லை என்று திரும்பிப் போன நாளும் வரும்.

நான் கேட்பது ஐந்தாறு கேள்விகள்தான். வருவதற்கு முன் மனதில் என்ன இருந்தது? எங்கே மாட்டிக்கொண்டு நின்றீர்கள்? இங்கே என்ன செய்தீர்கள்? அப்புறம்? இந்த வரிசையை, தகவல்தொடர்பு ஆய்வாளர் பிரெண்டா டெர்வினின் சிந்தனையிலிருந்து எடுத்துக்கொண்டேன். மனிதர் நடந்துவரும் பாதையில் ஒரு பள்ளம் குறுக்கிடுகிறது, தகவல் அதைத் தாண்டும் பாலமாகிறது என்று அவர் பார்க்கிறார். கடைசிக் கேள்வி, நூலகம் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பது. அதைக் கேட்க எனக்கு இன்றும் கொஞ்சம் பயம்தான். "போன்லயே பார்த்திருப்பேன்" என்பார் ஒருவர். அதையும் அப்படியே எழுதுகிறேன். "போன்ல எல்லாமே வருது, எதை நம்புறதுன்னுதான் தெரியல" என்றார், அண்ணனின் நோயைப் பற்றிப் புரிந்துகொள்ள வந்த இன்னொருவர். நம்பகமான இரண்டு புத்தகங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனார். இரண்டு புத்தகமும் மேசையிலேயே இருந்தன. அன்றைய வழங்கல் கணக்கில் அவர் இல்லவே இல்லை.

நாங்கள் சறுக்கிய கதைகள்தான் உடனே வேலைக்கு ஆனவை. தொடர்பே இல்லாத மூன்று பேர், திறக்கும் முன்பே வந்து வாசலில் காத்திருந்ததைச் சொன்னார்கள். கதவு திறந்த பிறகு உள்ளே வருபவர்களைத்தான் எங்கள் பதிவேட்டுக்குத் தெரியும். அதற்கப்புறம் அரை மணி முன்னதாகத் திறக்க ஆரம்பித்தோம்.

சேர்ந்த கதைகளை நான் தனியாகத் தேர்வு செய்வதை நிறுத்திவிட்டேன். ரிக் டேவிஸ் 1990களில் வங்கதேசத்தில் உருவாக்கிய முறையில், கதைகளைக் குழுவாக உட்கார்ந்து படித்து, எந்த மாற்றம் மிக முக்கியம் என்று விவாதித்து, ஏன் என்பதையும் எழுதி வைப்பார்கள். நாங்களும் எட்டுக் கதைகளோடு உட்கார்ந்தோம். வேலை கிடைத்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்பவர், மாதக்கணக்கில் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டு ஒரு நாள் தானாக எழுந்து வந்து ஒரு புத்தகம் கேட்ட பையனைச் சொன்னார். ஒரு மணி நேரம் வாதம் செய்தோம். நூலகம் எதற்காக இருக்கிறது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எனக்குத் தெரிந்து அன்றுதான்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. யார் என்ன புத்தகம் எடுத்தார் என்ற பதிவைக் கதைக்காகத் திறக்க மாட்டேன். அது வாசகருடைய ரகசியம். எழுதியதைச் சொன்னவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டி, மறுபடி ஒரு முறை சம்மதம் கேட்பேன். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தெரிந்தவர்கள் ஒரு சின்னக் குறிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சம்மதம் கொடுத்த ஒருவர் மறுநாள் வந்து, வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை, அவர் கண் முன்னாலேயே தாளைக் கிழித்தேன். நான் கேட்டதிலேயே மிகச் சிறந்த கதை அது. என்னோடே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் அதே உறுப்பினர் இருந்தார். 2014ல் வந்த ஐஎஸ்ஓ 16439, நூலகத்தின் தாக்கத்தை அளக்கும்போது எண்களோடு நேர்காணல்களையும் சான்றாகச் சேர்க்கிறது என்று சொல்லிவிட்டு, ஓரத்து மேசைப் பெண்ணின் கதையைப் படித்தேன். இந்த முறை அவரே சொல்லச் சொல்ல எழுதி, அவரே திருத்திய வடிவம். தங்கையும் அதில் இருந்தாள்.

உறுப்பினர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாதிரி நாற்காலி எத்தனை இருக்கு?" என்றார்.

"18."

"எத்தனை மணிக்கு நிரம்பும்?"

அதற்கான கணக்கும் என் கையில் இருந்தது.