சாவா மூவாப் பேராடு

சென்ற ஆண்டு பிப்ரவரி கடைசியில் என் அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. அறுவை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது; அதன் பிறகு வந்த சொட்டு மருந்துதான் ஆறு வாரம் நீண்டது. முதல் வாரம் நாளுக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அதற்கடுத்த வாரம் நான்கு என்று இறங்கிக்கொண்டே வரும் அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றை விட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடியிருந்த பிறகே மற்றொன்றை விட வேண்டும். அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலையிலும் இரவிலும் நான் விடுவேன். பகல் வேளைகளில் அப்பா தாமே விட்டுக்கொள்வார்.

நான் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வங்கிக் கிளையில் துணை மேலாளராக இருக்கிறேன். மார்ச் மாதம் வங்கியில் இருப்பவர்களுக்கு என்ன மாதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மகனுக்கு அதே மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. இவற்றுக்கிடையில், அப்பாவை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வியாழக்கிழமை ஒன்று வந்து, எனக்குத் தெரியாமலே கடந்து போயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை மின்கட்டண அட்டையைத் தேடியபோது மருத்துவமனைச் சீட்டு அதனுள்ளிருந்து விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்பாவுக்குத் தேதி நினைவிருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ வேலையில இருப்பியேம்மா, அதான் கூப்பிடல" என்றார்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மருத்துவர் பார்த்துவிட்டு நன்றாக இருப்பதாகவே சொன்னார். ஆனால் அந்தச் செவ்வாய் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இதை மறந்திருக்கிறேன் என்றால், மறந்தோம் என்பதே தெரியாமல் இன்னும் எவற்றையெல்லாம் மறந்திருக்கிறேன் என்ற எண்ணம் விடியும்வரை சுற்றிச் சுற்றி வந்தது. வேலை அதிகமாக இருப்பது ஒரு வகைக் களைப்பு. அது படுத்தால் போய்விடும். எங்கோ எதுவோ விட்டுப்போயிருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்னும் பயம் படுத்தால் கூடுகிறது. மூச்சு முட்டுகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான் என்று எனக்கு அன்று தோன்றியது.

என்னிடம் குறிப்புகள் இல்லாமல் இல்லை. கைப்பேசியில் பதினொரு அலாரங்கள் இருந்தன. கணினித் திரையைச் சுற்றி மஞ்சள் ஒட்டுத்தாள்கள் இருந்தன. எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளும், பணம் எடுக்கும் சீட்டுகளின் பின்பக்கத்தில் கிறுக்கியவையும் இருந்தன. நேர மேலாண்மை பற்றிய காணொளிகளையும் பார்த்திருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று அவற்றில் சொல்லும் யாருக்கும் சமையலறை இருந்ததாக நான் பார்க்கவில்லை. செயலிகளில் மூன்றை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இரண்டு வாரம் ஓடியது.

வழி, வெட்கப்படும் அளவுக்கு அருகிலேயே இருந்தது. என் தாய்வழித் தாத்தா கும்பகோணத்தில் மண்டி வைத்திருந்தவர். அன்றாடம் நடப்பதையெல்லாம் நடக்கும் வரிசையிலேயே நாள்வழியில் எழுதுவார். இரவு கடையைச் சாத்துவதற்கு முன், ஒவ்வொரு வரியையும் உரிய ஆளின் பேரில் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றாத வரி ஒன்று இருந்தாலும் சாப்பிட வரமாட்டார் என்று அம்மா சொல்வதுண்டு. இருபது ஆண்டுகளாக ஊரார் பணத்துக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, என் நாள்களுக்கு அதே முறையில் கணக்கு எழுதலாம் என்பது தோன்றவே இல்லை.

நீள நோட்டு ஒன்று வாங்கி, முன்பக்கத்திலிருந்து நாள்வழியாகவும் பின்பக்கத்திலிருந்து பேரேடாகவும் வைத்துக்கொண்டேன். காதில் விழுவது, கண்ணில் படுவது, திடீரென நினைவுக்கு வருவது எல்லாம் நாள்வழிக்குப் போகும். அங்கே ஒழுங்கு கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு வரியையும் ஒரு தலைப்பின் கீழ்த் தேதியோடு ஏற்றுவேன், அல்லது இது என் வேலை இல்லை என்று அடித்துவிடுவேன். தேதி போட முடியாத வரியை ஏற்றக்கூடாது என்பது நானே வைத்த விதி. இந்த விதி கடுமையானது. "வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும்" என்பது போன்ற வரிகள் இதில் தேறாது. "சனிக்கிழமை, பரணில் உள்ள பழைய புத்தக மூட்டை" என்பது தேறும். முதல் வாரத்திலேயே பாதி வரிகள் அடிபட்டுப் போயின. அவற்றுள் பல, மற்றவர்கள் செய்யக்கூடியவை என்பதை அடித்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்களும் கண்டுகொண்டார்கள்.

பேரேட்டில் அலுவலகம், அப்பா, மகன், வீடு என்று நான்கு தலைப்புகள் போட்டேன். ஐந்தாவதாக ஒரு பக்கம் மிஞ்சியது. அதன் மேல் "எனக்கு" என்று எழுதினேன். ஆறு வாரம் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. ஏழாவது வாரம் அதில் ஏறிய முதல் வரி, "செருப்பு தைக்கக் கொடுத்தது" என்பது. நாற்பத்தைந்து வயதில் என் பேரில் உள்ள கணக்கு ஓர் அறுந்த செருப்பு என்பதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வேறொன்றும் வந்தது.

அந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காகவே தையல், வீணை, மாடித்தோட்டம் என்று நான் யோசித்துப் பார்த்ததை மறைக்கவில்லை. ஆனால் நாட்டம் என்பது பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொருள் அன்று போலும். எனக்கு அது என் அலுப்பூட்டும் வேலைக்குள்ளிருந்தே வந்தது.

ஜூன் மாதம் கோவையிலிருந்து வந்த உறவினர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே விமானத்தின் அடித்தளத்தில் உள்ள எழுத்துகளை, கல்லைத் தொடாமல் விரலை மட்டும் காற்றில் நகர்த்தியபடி, ஓர் இளைஞர் தம் நண்பர்களுக்கு மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி" என்ற தொடர் என் காதில் விழுந்தது. கால்கள் தாமாக நின்றுவிட்டன.

எங்கள் கிளையில் நாள் முழுவதும் நடப்பது நகைக்கடன். அடகுக்கு வரும் சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்து, மொத்த எடையைச் சொல்லி, கல்லுக்கும் அரக்குக்கும் இவ்வளவு என்று கழித்து, நிகர எடையைச் சொல்வார்; நான் பதிவேட்டில் எழுதி, பொட்டலத்தில் முத்திரை வைப்பேன். அட்டிகையில் முத்துக் கோத்த நூல் இருந்தால் அதற்கும் கழிவு உண்டு. இதைப் பல்லாயிரம் முறை செய்திருக்கிறேன். ஒரு முறையும் இதில் ஒன்றும் இருப்பதாக நினைத்ததில்லை. பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த நகைகளையும் அப்படியே, கோத்த நூலையும் சட்டத்தையும் செம்பு ஆணியையும் கழித்து, எடை போட்டிருக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர்; மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். கழஞ்சு, அதில் இருபதில் ஒரு பங்கு மஞ்சாடி, அதில் பாதி குன்றி என்று இறங்கி, ஒவ்வொரு நகைக்கும் நிகர எடை சொல்லப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரை நேரில் பார்த்தது போலிருந்தது. உறவினர்கள் வெயிலில் காத்திருந்ததை அப்போது மறந்துவிட்டேன். அந்த மறதிக்காக நான் வருந்தவில்லை.

அன்றிரவு "எனக்கு" என்ற பக்கத்தில் "கல்வெட்டு எழுத்து, நாளுக்கு அரை மணி" என்று ஏற்றினேன்.

படிக்கத் தொடங்குவது எளிதாக இல்லை. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம் என்பதால், "கால்" என்று இருப்பதை முதலில் "கரல" என்றே படிக்க நேரும். பொருள் தெரிந்த பிறகுதான் எழுத்து தெரியும், எழுத்து தெரிந்த பிறகுதான் பொருள் தெரியும் என்ற வேடிக்கையான நிலை. நடுநடுவே வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து வரும். முதல் இரண்டு மாதங்கள், "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்ற தொடக்கத்தைத் தவிர வேறெதையும் நான் உறுதியாகப் படிக்கவில்லை என்றே சொல்லலாம். ஜெர்மானியரான ஹுல்ச் 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற பின் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில், இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி பெரிய கோயிலுக்கே உரியது. அது இணையத்திலேயே கிடைக்கிறது. கோயிலில் எடுத்த படங்களை அதன் அச்சு வாசகத்தோடு ஒப்பிட்டுப் படிப்பதுதான் நான் கண்ட வழி.

ஒழுங்கு என்றால் என்ன என்பதை அந்தக் கல்லில் பார்க்க வேண்டும். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று அரசன் சொல்கிறான். கொடுத்தது யாராக இருந்தாலும் அவர் பேரில் வரி ஏறுகிறது. கோயிலில் ஆடிப் பாடிப் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் ஆளுக்கு நூறு கலம் நெல் என்று சொல்வதோடு நில்லாமல், எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிளைக்கு வரும் முகவரிச் சான்றுகளில் பாதி இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஆட்டுக் கணக்கு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். பெரிய கோயிலில் அதற்கு ஈடாக நாற்பத்தெட்டுப் பசு அல்லது பதினாறு எருமை என்றும் கணக்கு உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் இந்த ஆடுகளைச் "சாவா மூவாப் பேராடு" என்பார்கள். ஆடு சாகும், மூப்படையும், குட்டி போடும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது, ஆகவே கணக்கில் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. இந்தத் தொடரை முதன்முதலில் நானே எழுத்துக்கூட்டிப் படித்த இரவில் வாய்விட்டுச் சிரித்தேன். என் நாள்வழியில் உள்ளவையும் அதே மந்தைதான். ஒன்றை அடித்தால் ஒன்று பிறக்கிறது. அதை முடித்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று இருபது ஆண்டுகளாகக் காத்திருந்தவள் நான். அந்த இடையர்கள் மந்தை தீரட்டும் என்று காத்திருக்கவில்லை. மந்தை இருக்கும்போதே, அன்றன்றைக்கு, கால் நாழியான அந்த ஓர் உழக்கை அளந்து கொடுத்திருக்கிறார்கள். என் அரை மணி நேரத்துக்கு அதன்பின் உழக்கு என்றே பெயர் வைத்துவிட்டேன். "அம்மா உழக்கில் இருக்கிறாள்" என்றால் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

வேலையில் இருந்துகொண்டு இதெல்லாம் ஆகுமா என்று கேட்கும் தோழிகளுக்கு ஐராவதம் மகாதேவனைச் சொல்வதுண்டு. 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அவர், பணியில் இருந்தபோதே 1965இல் கரூர் அருகே உள்ள புகளூர்க் குகைக் கல்வெட்டுகளில் சேர மன்னர் பெயர்களை அடையாளம் கண்டார். தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமி பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003இல். இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அவசரம் குறைகிறது. நான் ஆய்வாளர் ஆகப் போவதில்லை. எனக்கு அந்த எண்ணமும் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அக்டோபரில் மூன்று வாரம் நோட்டைத் திறக்கவே இல்லை. மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அவன் பக்கம் சிறுத்து, அப்பாவின் பக்கம் பெருத்திருக்கிறது. மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று திரையில் இன்னும் இருக்கிறது, பழக்கம்.

இந்தப் பிப்ரவரியில் அப்பாவுக்கு இடது கண்ணிலும் அறுவை நடந்தது. மறுபரிசோதனைத் தேதி பேரேட்டில் ஏறியது. அந்த வியாழக்கிழமை நாங்கள் அரை மணி முன்னதாகவே போய் அமர்ந்திருந்தோம். இரவில் முதல் புட்டியை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தில் அவருக்கு அன்றைய கல்வெட்டு வரியைப் படித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நில அளவுகளில் வரும் மா, காணி, முந்திரி என்னும் பின்னங்கள் எல்லாம் அவருக்கு அவருடைய அப்பா மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவை. நேற்று நிலதானக் கல்வெட்டு ஒன்றைப் படிக்கையில் "மூன்று மாவும் அரைக்காணியும்" என்று வந்த இடத்தில் நான் தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினேன்.

"தாள் எதுக்கு? மா இருபதுல ஒண்ணு, காணி எண்பதுல ஒண்ணு. அரைக்காணின்னா நூத்தறுபதுல ஒண்ணு. மூணு மா இருபத்துநாலு, இது ஒண்ணு. நூத்தறுபதுல இருபத்தஞ்சு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

நான் தாளில் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது.

"பத்து நிமிஷம் ஆயிருக்கும், அடுத்த சொட்டைப் போடும்மா" என்றார்.