முசுறு வேடச் சிலந்தியும் ட்ரேசிங் பேப்பரும்

சிலந்தியின் கண்ணில் ஃபிளாஷின் வெள்ளைத் திட்டு விழாத ஒரு படம் ஒருவழியாக வந்துவிட்டது. மாமரத்தில் முசுறு எறும்புகளுக்கு நடுவே முசுறு வேடம் போட்டுத் திரியுமே, மிர்மாப்ளாட்டா என்கிற குதிக்கும் சிலந்தி, அதன் பெண். முன்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டியபடி நடக்கும். ஆணுக்குத் தாடை நீண்டிருப்பதால் இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போவதாகவே தோன்றும். சாரியில் சேராமல் ஒற்றையாக அலைகிற 'எறும்பு', விரலைக் கிட்டே கொண்டுபோனதும் நூல் விட்டுத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

கேமரா பழைய கேனான் 200டி, 55-250 லென்ஸ், அதன் முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ரேநாக்ஸ் டிசிஆர்-250. 250 மி.மீ.யில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உருப்பெருக்கம் தருகிறது. தனி மேக்ரோ லென்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் 1/200 நொடி, ஃபிளாஷ் முழுத் திறனில் 1/16. எஃப்/16க்கு ஆசைப்பட்டால் கூர்மையாக விழும் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் ரோமமெல்லாம் மழுங்கிப்போகும்.

இதெல்லாம் சுலபம். உயிரை எடுத்தது ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர்தான். இந்தச் சிலந்தியின் உடம்பு மினுமினுப்பானது, முன்கண் இரண்டும் கண்ணாடிக் குண்டு. ஃபிளாஷ் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அது அப்படியே கண்ணில் பதியும். ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் சாஃப்ட்பாக்ஸ் கண்ணில் ட்யூப்லைட் போல விழுந்தது. பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாவில் செய்ததும் சரிப்படவில்லை. ரேநாக்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே கிடைப்பது 12 செ.மீ. சொச்சம் இடம்தான், எவ்வளவு ஜூம் செய்தாலும் அதேதான். அதற்குள் லென்ஸ் விளிம்பைத் தாண்டி வெளிச்சம் கீழே இறங்கியாக வேண்டும். கடைசியில் அட்டைப்பெட்டியும் ட்ரேசிங் பேப்பரும் வைத்து நானே ஒன்று செய்ய இறங்கினேன்.

சிலந்தியை வைத்துச் சோதிப்பது நடக்கிற காரியமில்லை. முசுறு கடித்துவிட்டுக் கடித்த இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சும். அதனால் சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டுகள் வாங்கி வந்து மேசையில் வைத்து எடுத்தேன். டிஃப்யூசரின் குறை அத்தனையும் குண்டில் தெரிந்துவிடும். நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி, சுற்றிலும் மங்கல் என்றால் தாள் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டினால் வெளிச்சம் குறைகிறதே ஒழிய புள்ளி போவதில்லை. ஃபிளாஷ் முகப்பில் ஒரு தாள், அதற்கு ஐந்தாறு செ.மீ. கீழே இன்னொன்று என்று இடைவெளி விட்டதும் புள்ளி கரைந்துவிட்டது. முதல் தாள் வெளிச்சத்தைப் பரப்புகிறது, பரவியது முழுவதும் இரண்டாவது தாளில் விழுகிறது. அப்புறம் கீழ்த்தாளின் இரு ஓரங்களையும் லென்ஸுக்குக் கீழே வரை வளைத்தேன். அதுவரை கரிக்கட்டையாகக் கிடந்த குண்டின் அடிப்பக்கமும் தெரிய ஆரம்பித்தது. கடைசிச் சோதனை குண்டுமணி. அதன் சிவப்பு வெளிறாமல் வந்தால் சிலந்தியின் நிறமும் வரும்.

பெட்டியின் உள்பக்கம் சமையலறை அலுமினியத் தாள், வெளியே கறுப்பு சார்ட், பிடிமானத்துக்கு வெல்க்ரோ. ட்ரேசிங் பேப்பர் சென்னை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடையில் வாங்கியது. அங்கே கனம் பார்த்து எடுக்கலாம். எங்கள் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் மெல்லிசுதான் இருக்கிறது, இரண்டு நாளில் கசங்கிவிடும்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் கேலி. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு யானைகளைப் படமெடுத்தார். அவருடைய கறுப்புவெள்ளை யானைகளைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கேமரா ஆசையே வந்தது. ஆகவே அட்டைப்பெட்டிக்கு நான் வெட்கப்படுவதாக இல்லை.

ஆண் சிலந்தி இன்னும் சரியாக அமையவில்லை. தாடை நுனி கூர்மையாக விழுந்தால் கண் மங்குகிறது, கண்ணைப் பிடித்தால் நுனி போய்விடுகிறது. ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை அடுக்கிச் சேர்க்கலாம் என்றால் அது ஒரு நொடி நிற்க வேண்டுமே! விடிகாலையில் இலைமடிப்புக்குள் விறைத்து உட்கார்ந்திருக்கும்போது கேமராவைக் கையில் பிடித்தபடியே நாலைந்து ஃபிரேம் எடுத்துப் பார்க்கப் போகிறேன். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும், ட்ரேசிங் பேப்பர் ஈரத்துக்கு நெளியும். இன்ஜினியரிங் டிராயிங்குக்குப் போடும் மேட் ஃபிலிம் என்கிற மங்கலான பிளாஸ்டிக் தாள் சில்லறையாக ஒன்றிரண்டு தாள் எங்கே கிடைக்கும்? போன கடையிலெல்லாம் முழு ரோலாகத்தான் தருவோம் என்கிறார்கள்.