‘தெரியாது’ என்று எழுதுவதற்கும் சம்பளம்

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் அணியில் இருக்கிறேன்" என்பேன். உடனே பேச்சு மெஸ்ஸிக்குப் போய்விடும். இது அந்தக் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுந்து ஆடுவது. இதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரியில் ஆடிய பையன்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் முறைவைத்து எடுத்துக்கொள்வார்கள். போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் முறை. மூன்று நாள், ஏழு சுற்று, 250 பேருக்குச் சற்று மேல். இதுதான் டிராஃப்ட். யாரை எடுக்கலாம் என்று வருடம் முழுக்கப் பார்த்து எழுதிக்கொடுக்கும் ஸ்கவுட் பிரிவில் கடைசிப் படியில் இருப்பவன் நான்.

கடைசிப் படி என்றால் வீடியோ வெட்டுவது, எண்களைச் சரிபார்ப்பது, அப்புறம் விமான நிலையத்துக்கு வண்டி எடுத்துப் போவது. டிராஃப்டுக்கு முன் ஒவ்வொரு அணியும் 30 பேர் வரை தன் இடத்துக்கு அழைத்துப் பேசலாம். 145 கிலோ எடையுள்ள ஒரு லைன்மேனை, அதாவது முன்வரிசையில் நின்று மோதுபவனை, என் சின்ன காரில் கூட்டி வந்தேன். இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியும் முழங்கால் டாஷ்போர்டை இடித்தது. இறக்கிவிட்டு வந்ததும் மேலாளர், "வழியில் என்ன பேசினான்?" என்றார். "பசிக்கிறது என்றான்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்! டிரைவர் சொல்வதுகூட மதிப்பெண்ணில் சேரும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு காரில் ஏறியதும் பாட்டைப் போட்டுவிடுவேன். பாவம், அந்த முப்பது நிமிடமாவது யாரும் அளக்காமல் வரட்டும்.

அளப்பதற்கென்றே ஒரு திருவிழா இருக்கிறது. பிப்ரவரி கடைசியில், இண்டியானாபொலிஸ் நகரில், 1987 முதல் நடக்கும் கம்பைன். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அழைப்பு. உயரத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை எழுதுவார்கள். தாளில் 6024 என்று இருந்தால் 6 அடி, 2 அங்குலம், அதற்கு மேல் எட்டில் நான்கு. முதல் வாரம் அதை லாக்கர் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை கை விரிவு, தோளிலிருந்து கை நீளம், 102 கிலோ பாரத்தை எத்தனை முறை தூக்குகிறான், 40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அளக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பையன்கள். எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

எண்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதுபோல் ஒரு மயக்கத்தைத் தந்துவிடும். 2017 கம்பைனில் ஜான் ராஸ் என்ற ரிசீவர், அதாவது வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர், 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. 2024இல்தான் சேவியர் வொர்த்தி 4.21 ஓடி அதை முறியடித்தார். ராஸை சின்சினாட்டி அணி ஒன்பதாவதாக எடுத்தது. அதே கம்பைனில் கூப்பர் கப் என்ற இன்னொரு ரிசீவருக்கு 4.62. மூன்றாம் சுற்றில், 69ஆவது ஆளாகப் போனார். காயங்களால் அடிபட்ட ராஸ் முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. கப் 2021 சீசனில் 145 பந்துகள் பிடித்து, 1,947 கெஜம் சேர்த்து, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். கப் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்பதைவிட எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார் என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் கம்பைனில் கடிகாரம் கிடையாது.

இதைச் சொன்னால் உடனே டாம் பிரேடியை இழுப்பார்கள். 2000இல் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 40 கெஜத்துக்கு 5.28 நொடி, அப்புறம் ஏழு சூப்பர் பவுல் வெற்றி. எனக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. மெதுவாக ஓடி, உண்மையிலேயே ஆட முடியாமல் வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை.

சரி, எண் போதாது என்றால் டேப்பை, அதாவது போட்டியின் வீடியோவை, பார்க்க வேண்டியதுதான். டிவி கேமரா பந்தின் பின்னால் ஓடும். நாங்கள் பார்ப்பது உயரத்திலிருந்து எடுத்தது, 22 பேரும் தெரிவார்கள். பந்து நகரத் தொடங்கி நிற்கும்வரை ஓர் ஆட்டம்; ஐந்தாறு நொடியில் முடிந்துவிடும். அதையே பத்து முறை ஓட்டிப் பார்ப்போம். ஒருமுறை காலை மட்டும், ஒருமுறை இடுப்பை, ஒருமுறை பந்து அந்தப் பக்கமே வராதபோது என்ன செய்கிறான் என்று. எனக்குப் பிடித்தது கடைசியாகச் சொன்னதுதான்.

நான் சறுக்கியதும் டேப்பில்தான். என் மூன்றாம் வருடம். தெற்கே ஒரு சிறிய கல்லூரியின் கார்னர்பேக், அதாவது எதிரணி ரிசீவரை ஒட்டிக்கொண்டு தடுப்பவன். ஒரே போட்டியில் மூன்று முறை ரிசீவர் உள்பக்கமாகத் திரும்ப, இவன் பின்தொடராமல் வெளிப்பக்கமே நின்றுவிட்டான். மூன்றும் பெரிய நஷ்டம். "கவனம் சிதறுகிறது. நான்காம் சுற்றுக்கு முன் யோசிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டேன்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஸ்கவுட் அறுபதை நெருங்கியவர். என் அறிக்கையைப் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கல்லூரியின் தடுப்பு ஆட்டப் பயிற்சியாளருக்குப் போன் போட்டார். அந்த மூன்று ஆட்டத்திலும் கார்னருக்கு இட்ட கட்டளை, "வெளிப்பக்கம் விடாதே, உள்பக்கத்தை ஸேஃப்டி பார்த்துக்கொள்வான்" என்பது. ஸேஃப்டி என்றால் தடுப்பவர்களில் பின்னால் நின்று காப்பவன். பெரியவர் டேப்பை நிறுத்தி, திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். எதிரணியில் பந்தை வீசும் க்வார்ட்டர்பேக், அதை ஓடுபவனிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்ய, அங்கே நின்ற ஸேஃப்டி ஏமாந்து இரண்டு எட்டு முன்னால் வைத்திருந்தான். பத்து முறை பார்த்த எனக்கு அவன் பத்து முறையும் கண்ணில் படவில்லை. வினாத்தாள் கையில் இல்லாமலே விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன்.

பயிற்சியாளர் சொல்வதையும் அப்படியே நம்பிவிட முடியாது. தன் பையன் நல்ல சுற்றில் போனால் அவருக்கும் பெருமை. அதனால் பெரியவர் அடுத்து, அவர்களோடு ஆடிய எதிரணிப் பயிற்சியாளருக்கும் போன் போட்டார். அவரும் ஸேஃப்டியைத்தான் சொன்னார். "ஏமாற்ற வேண்டும் என்று நாங்கள் குறிவைத்ததே அவனைத்தானே!"

மதிப்பீட்டைத் திருத்தினேன். ஆனால் எங்கள் கணினியில் பழையது அழியாது. என் பெயரோடும் தேதியோடும் திருத்தியதற்குக் கீழே அப்படியே கிடக்கும். அந்தப் பையன் மூன்றாம் சுற்றில், எங்கள் முறை வருவதற்கு முன்பே வேறு அணிக்குப் போனான்.

அதிலிருந்து, யார் பிழை என்று டேப்பை வைத்துச் சொல்ல முடியாத இடத்தில் "தெரியாது, கேட்க வேண்டும்" என்று எழுதுகிறேன். போன வருடம் நான் எழுதிய நாற்பது அறிக்கைகளில் பதினேழில் இது இருந்தது. மேலாளர் கூப்பிட்டார். "இத்தனை ‘தெரியாது’ எழுதவா உனக்குச் சம்பளம்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். பிறகு போனை என் பக்கம் நகர்த்தினார். "சரி, முதல் ஆள் யார்? நம்பரைப் போடு."